பச்சை எரிந்தால் சிவப்பு எரியாது

ஹார்ட்வெல், சாஸ்கச்சுவான்
1977 ஜனவரி 16, ஞாயிறு

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில் நீ வேலை பார்க்கும் அணைக்கட்டின் நலம் இருக்கிறது, கிரேனின் நலம் இருக்கிறது, உன்னைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தேன். ‘நிறைய’ என்று பதில் எழுதியிருக்கிறாய். நாய்க்குக்கூட அதைவிட நன்றாகப் பதில் சொல்லத் தெரியும். அது இப்போது உன் பழைய பூட்ஸின் மேல்தான் தூங்குகிறது. நான் நகர்த்தினால் உறுமுகிறது.

கடைசியில், போகிற போக்கில் எழுதியது போல இன்னொன்றும் எழுதியிருந்தாய். வசந்தத்திலிருந்து உன்னை அங்கேயே நிரந்தர மேற்பார்வையாளனாக வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், குடும்பத்துக்கு வீடும் தருவார்கள், மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், ‘உன் விருப்பம் எப்படியோ அப்படி’ என்று. என் விருப்பத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் நேற்று உன் இருக்கையில் உட்கார்ந்து நான் பட்ட அவமானத்தைக் கேள்.

நீ போகும்போது நம் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் கோல் நடுவர் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். வலைக்குப் பின்னால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அந்த டிராக்டர் இருக்கையில் உட்கார வேண்டும். வட்டு கோட்டைத் தாண்டினால் பொத்தானை அழுத்த வேண்டும். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும்; ஆட்ட நேரம் முடிந்தால் அதன் பக்கத்தில் பச்சை எரியும். இதில் என்ன வித்தை இருக்கிறது என்றாய். நானும் நம்பினேன்.

அரங்கக் கமிட்டித் தலைவர் நெஸ்டருக்குப் பழைய சிவப்பு விளக்கு போதவில்லை. “இது எரியுதா, இல்ல இருமுதா?” என்று கேட்டார். போன வாரம் தன் பன்றிக் கொட்டகை முற்றத்திலிருந்து அந்த ராட்சச ஃபிளட்லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, சிவப்புக் கண்ணாடி போட்டு, பழைய பல்பின் இடத்தில் மாட்டிவிட்டார். “நாம கோல் போட்டா டோல்பெக்குல இருக்கிறவனுக்கு வீட்டிலேயே தெரியணும்” என்றார். பக்கத்து ஊர் டோல்பெக் ஆட்கள் கோல் போட்டாலும் அதே விளக்குதான் எரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நேற்று டோல்பெக்கோடுதான் ஆட்டம். முதல் பகுதியிலேயே அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நான் அழுத்தினேன். அரங்கமே அடுப்புக்குள் இருப்பது போலச் சிவந்தது. விரலை எடுத்தேன். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தி எடுத்தேன். அணையவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது, விளக்கு தகதகவென்று எரிந்துகொண்டே இருக்கிறது. டோல்பெக் ஆட்கள் எழுந்து நின்று, “இன்னொண்ணு குடுத்துட்டீங்களா? ரொம்ப நன்றிம்மா!” என்று தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் போடுகிறார்கள்.

நெஸ்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். “விரலை எடு வெர்னா! விரலை எடு!” என்று கத்தினார். போலீசிடம் பிடிபட்டவள் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். “பத்தும் இங்கதான் இருக்கு, எண்ணிப் பாருங்க!” என்றேன். கடைசியில் அவர் மனைவி ஐரீன்தான் கேன்டீனிலிருந்து துடைப்பத்தோடு வந்து, அதன் கட்டையால் பொத்தான் பெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டாள். விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோலுக்கும் நான் அழுத்த வேண்டும், ஐரீன் அடிக்க வேண்டும். அவள் என் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாகிவிட்டதால் கேன்டீன் வரிசை வாசல்வரை போய்விட்டது. நாம் தோற்றதைவிட, காபி கிடைக்காததில்தான் ஊருக்குக் கோபம்.

ஆட்டம் முடிந்ததும் நெஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “இதை விக்டர்கிட்ட குடுத்துடலாம். அவன் டிராக்டருக்கெல்லாம் ஒயர் போட்டவன்.” பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறதே, அந்த டிராக்டரைத்தான் சொல்கிறார். விக்டர் அவருடைய தங்கை கணவன் என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. “அது ஒரெஸ்டோட இடம்” என்றேன். “ஒரெஸ்ட் திரும்பி வருவானா?” என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் ஐரீனின் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தேன்.

உன் இருக்கை யாருக்குப் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் விக்டருக்குப் போகக் கூடாது. அந்தப் பொத்தானுக்கு என்ன வந்தது, நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். அதைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் காலில் போட்டுக்கொள்.

வெர்னா

*

ஹார்ட்வெல்
1977 பிப்ரவரி 13, ஞாயிறு

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீ எனக்கு எழுதியவற்றில் இதுதான் நீளமானது. தபால் நிலையத்தில் உறையின் கனத்தைப் பார்த்த ஐரீன், “அடேயப்பா, காதல் கடிதமா?” என்று கேட்டாள். அங்கேயே பிரித்து முதல் வரியைப் படித்துக் காட்டினேன்: ‘வெள்ளி கறுத்திருப்பதைக் கண்டு பயப்படாதே.’ ஐரீன் பெருமூச்சு விட்டு, “நெஸ்டர் எனக்கு இந்த அளவுகூட எழுதினதில்ல” என்றாள்.

நீ சொன்னபடி அரங்கத்தின் மெயினை அணைத்துவிட்டு, பொத்தானைக் கழற்றிக்கொண்டு வந்து சமையல் மேஜையில் வைத்துப் பிரித்தேன். ஒரெஸ்ட், எனக்கு உன்மேல் ஒரு கோபம். இத்தனை வருஷமாக ஸ்விட்சுக்குள் ஏதோ பெரிய ரகசியம் இருப்பதாக என்னை நம்ப வைத்திருக்கிறாய். உள்ளே இருப்பது இரண்டு வெள்ளிப் பொட்டுகள், ஒரு ஸ்பிரிங். பொட்டுகள் தொட்டால் மின்சாரம் போகும், விலகினால் நின்றுவிடும். இதற்காகவா நீ அத்தனை பரீட்சை எழுதினாய்?

நம் பொட்டுகள் இரண்டும், தண்ணீர் போதாத பானையில் பெரோகிக் கொழுக்கட்டைகள் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒட்டிக்கிடந்தன. காய் நறுக்கும் கத்தியை விட்டு நெம்பினேன். ‘டிக்’ என்று பிரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்ல முடியாது. பிரிந்த இடத்தில் ஒன்றில் பள்ளம், மற்றதில் மேடு. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். குளிர்ந்திருக்கும் பல்பு எரியத் தொடங்கும் அந்த நொடியில் மட்டும், பசியோடு வந்தவன் மாதிரி, பல மடங்கு மின்சாரத்தை விழுங்கும் என்று எழுதியிருந்தாய். அதே நொடியில்தான் பொட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று மோதி, துள்ளி, மறுபடி தொடுகின்றன. துள்ளும்போது பொறி பறக்கிறது, வெள்ளி உருகுகிறது, உருகியது ஒட்டிக்கொள்கிறது. சின்ன பல்புக்கான பொத்தானில் பன்றிக் கொட்டகை விளக்கை மாட்டினால் வேறு என்ன ஆகும்? இதை நெஸ்டரிடம் அப்படியே சொன்னேன். “என் விளக்கைக் குறை சொல்றியா?” என்று கேட்டார். பன்றிகள் ஒன்றும் குறை சொல்லவில்லையாம்.

புதுப் பொத்தான் வாங்க எல்மர் கடைக்குப் போனேன். இங்கேதான் ஒரு தவறு நடந்தது. நீ சிரிப்பாய், தெரியும். எல்மரிடம் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ‘என்.ஓ’ என்றும் மற்றதில் ‘என்.சி’ என்றும் பொறித்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “இது சாதாரணமா திறந்திருக்கும், அது சாதாரணமா மூடியிருக்கும். எதை எடுத்தாலும் ஒண்ணுதான், நிறம்தான் வேற” என்றார். நான் நின்று நிதானமாக யோசித்தேன். சாதாரணமாக நம் விளக்கு எப்படி இருக்க வேண்டும்? அணைந்து, கடை மூடின மாதிரி இருக்க வேண்டும். அப்படியானால் ‘சாதாரணமாக மூடியது’தானே? அதைத்தான் வாங்கினேன். மாட்டினேன். மெயினைப் போட்டேன். நான் பொத்தானைத் தொடவே இல்லை, விளக்கு எரிந்தது. தொட்டேன், அணைந்தது.

அன்று லிண்டல் ஆட்களோடு ஆட்டம். அவர்கள் ஏற்கெனவே பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாற்ற நேரமில்லை. ஆட்டம் முழுக்க என் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கோல் விழுந்தால் நான் அழுத்துவேன், அணையும். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஊரே அதற்குப் பழகிவிட்டது. இருட்டானால் கைதட்ட ஆரம்பித்தார்கள்! நம் கோல்கீப்பர் டேரில் மட்டும் திரும்பித் திரும்பி என்னிடம், “அக்கா, முதுகுல வெயில் அடிக்குது. என் நிழலைப் பார்த்துட்டு வட்டுன்னு நினைச்சு நானே விழறேன்” என்று அழாத குறையாகச் சொன்னான். இரண்டாவது பகுதியில் பக்கம் மாறி, லிண்டல் கோல்கீப்பர் என் முன்னால் வந்தான்; அந்தப் பகுதி முடிந்து ஊதல் ஒலித்தது. பச்சை விளக்கு எரிந்தது. உடனே சிவப்பு தானாக அணைந்தது. கோல் என்று நினைத்து எல்லாரும் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். லிண்டல் கோல்கீப்பர் தன் வலைக்குள் குனிந்து வட்டைத் தேடினான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ‘சாதாரணமாக’ என்றால் ஆட்டத்தில் எப்படி என்பதல்ல, கடை அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கும்போது எப்படி என்பதுதான் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறாய். திறந்தது என்றால் பொட்டுகள் விலகியிருக்கின்றன, மூடியது என்றால் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு முக்கியமானதை இரண்டாம் பக்கத்தின் நடுவிலா எழுதுவார்கள்? மறுநாள் எல்மரிடம் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். ராட்சச விளக்கை டேரிலே ஏணி போட்டுக் கழற்றிவிட்டான். அதைப் பற்றி நெஸ்டரிடம் பேச வேண்டாம் என்று நானும் டேரிலும் முடிவு செய்திருக்கிறோம்.

இருக்கைக்கு அடியில் இருக்கும் ரிலேயையும் திறந்து பார்த்தேன். பச்சை விளக்குக்கு மின்சாரம் வந்தால் அந்தக் குட்டிக் காந்தம் நெம்புகோலை இழுக்கிறது, சிவப்பின் பாதையில் தொட்டுக்கொண்டிருந்த பொட்டுகள் விலகிவிடுகின்றன. அதாவது நேரம் முடிந்து பச்சை எரிந்த பிறகு, நான் பொத்தானின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் சிவப்பு எரியாது. ‘சாதாரணமாக மூடியது’ எங்கே தேவையோ அங்கே நீ முன்பே வைத்திருக்கிறாய். நெடுநேரம் அதை விரலால் இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இழுக்காவிட்டால் அவை தாமாகவே வந்து சேர்ந்துகொள்கின்றன. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து நெஸ்டர் உப்புத்தாளோடு வந்தார். “கறுத்துப்போய்க் கிடக்கு பாரு, பளபளன்னு தேய்ச்சுடறேன்” என்றார். கையிலேயே ஒரு தட்டுத் தட்டினேன். கறுப்பு ஒன்றும் செய்யாது, தேய்த்தால் மணல்தான் வெள்ளிக்குள் போய் உட்காரும், சுத்தமான கெட்டித் தாளை இடையில் வைத்து, பொட்டுகளை லேசாக மூடி, தாளை உருவினால் போதும் என்று நீ எழுதியதை ஒப்பித்தேன். ஆனால் கையில் கெட்டித் தாள் இல்லை. பையில் உன் கடிதம்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதிவிட்டு மீதியை அப்படியே வெறுமையாக விட்டிருந்தாய். அதிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டேன். நீ எழுதாமல் விடும் இடத்தை வைத்து இந்த ஊரின் அத்தனை ஸ்விட்சுகளையும் சுத்தம் செய்யலாம்.

நெஸ்டருக்கு இப்போது புது யோசனை. மார்ச்சில் டோல்பெக்கோடு இறுதி ஆட்டம். அதற்குள் அந்த ரிலேயைச் சிவப்பின் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். “கடைசி நொடியில நம்ம பையன் கோல் போட்டா, பச்சை வந்து தடுத்துடுச்சுன்னா என்ன பண்றது?” என்கிறார். “கடைசி நொடிக்கு அப்புறம் அவங்க போட்டா?” என்று கேட்டேன். “அவங்க ஏன் போடப் போறாங்க?” என்றார். இந்த மனிதரோடு எப்படிப் பேசுவது? முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு இருக்கையைப் பற்றிக் கமிட்டி முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றபடி ஊர்ச் செய்தி: கூட்டுறவு ஆட்கள் கோடையில் புதிய தானியக் கிடங்கு கட்டுகிறார்களாம். மோட்டார், பெல்ட், ஒயரிங் எல்லாம் புதிது. எல்மர்தான் சொன்னார். சும்மா எழுதுகிறேன்.

பொட்டுகள் பிரியும்போது சட்டென்று பிரிய வேண்டும், தயங்கித் தயங்கிப் பிரிந்தால்தான் பொறி நீண்டு எரியும், அதற்காகத்தான் ஸ்பிரிங் என்று எழுதியிருந்தாய். எனக்கு நம் பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்தது. நவம்பரில் நீ ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, ஒரு காலைப் பனியில் வைத்துக்கொண்டு, கழிவுநீர்க் குழாய் உறையாமல் பார்த்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றாய். “ஏறுறதுன்னா ஏறுய்யா, இல்ல கதவைச் சாத்தவா?” என்று டிரைவர் கத்தும்வரை நின்றாய். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா அது?

காலுறை சரியாக இருக்கிறதா என்று கேட்டால் ‘ஆம்’ என்று எழுதாதே. எங்கே இறுக்குகிறது என்று எழுது.

வெர்னா

*

ஹார்ட்வெல்
1977 மார்ச் 20, ஞாயிறு

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

நேற்று இறுதி ஆட்டம் முடிந்தது. முடிவை இப்போதே சொல்ல மாட்டேன். நான் பட்டபாட்டை வரிசையாகப் படித்துவிட்டு நீயே தெரிந்துகொள்.

ஊரே வந்திருந்தது. நிறுத்த இடமில்லாமல் வண்டிகள் சர்ச் வாசல்வரை நின்றன. முதல் பகுதியிலேயே ஐரீனின் பெரோகி தீர்ந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன் நான் உன் கடிதத்தின் இன்னொரு துண்டைக் கிழித்து, ரிலேயில் ஒரு தடவை உருவினேன். பொத்தானை அழுத்திப் பார்த்தேன். விரலை வைத்தால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. பழைய சின்ன பல்புதான். இருமினாலும் சொன்னபடி கேட்கிறது.

கடைசிப் பகுதியில் டேரில் என் முன்னால், நம் வலையில் நின்றான். இரண்டு பக்கமும் சம நிலை. கடிகாரம் முடியப்போகிறது. டோல்பெக்கின் உயரமான பையன் ஒருவன் நடுவிலிருந்து ஓங்கி அடித்தான். ஊதல் ஒலித்தது, வட்டு டேரிலின் காலுக்கு இடையில் புகுந்து உள்ளே வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்த மாதிரி இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, ஒரெஸ்ட். வட்டு உள்ளே வந்தது, கட்டைவிரல் அழுத்தியது. நம் ஊர், அவர்கள் ஊர் என்றெல்லாம் விரலுக்குத் தெரியவில்லை.

சிவப்பு எரியவில்லை. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேள். டோல்பெக் ஆட்கள் அத்தனை பேரும் கண்ணாடியில் வந்து மோதினார்கள். “பொத்தானை அழுத்தலை! சொந்த ஊருன்னு கண்ணை மூடிக்கிட்டா!” என்று ஒருவன். “புருஷன் பண்ணின பித்தலாட்டம், வேணும்னே ஒயரைப் பிடுங்கி வச்சிருக்காங்க” என்று இன்னொருவன். என்னைச் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். உன்னைச் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடி இல்லாவிட்டால் அவன் மூக்கு என்னவாகியிருக்கும் என்று தெரியாது. ரெஃப்ரி சறுக்கிக்கொண்டு வந்து, “அம்மா, நெஜத்தைச் சொல்லுங்க. அழுத்தினீங்களா?” என்று கேட்டார்.

“அழுத்தினேன். இன்னும் அழுத்திக்கிட்டுதான் இருக்கேன், வந்து பாருங்க” என்றேன். பயத்தில் விரலை எடுக்க மறந்திருந்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ரெஃப்ரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். விரல் பொத்தானில் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. “இது கெட்டுப்போயிருக்கு” என்றார். “கெடலை. பச்சை எரிஞ்சா சிவப்பு எரியாது. உள்ளே ரெண்டு பொட்டு விலகி நிக்குது. பச்சையை அணைக்கச் சொல்லுங்க” என்றேன். அவர் நேரக் காப்பாளருக்குக் கை காட்டினார். பச்சை அணைந்தது. அந்தக் கணமே, என் விரல் அசையாமல் இருக்கும்போதே, சிவப்பு பளிச்சென்று எரிந்தது. மறுபடி பச்சையைப் போடச் சொன்னார். சிவப்பு அணைந்தது. இரண்டு குழுக்களும் பனியில் வாயைப் பிளந்துகொண்டு நின்று பார்த்தன. டோல்பெக்கின் கிழட்டுக் கோச் நம்பாமல், “இன்னொரு தடவை” என்றார். இன்னொரு தடவையும் காட்டினோம். “நல்ல ஒயரிங்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கோல் செல்லாது என்று ரெஃப்ரி கையை வீசினார்.

நெஸ்டர் கேன்டீன் கதவின் அருகே நின்று, பார்க்கிறவர்களிடமெல்லாம், “அந்த ரிலேயை எடுக்கவே கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஐரீன்தான் சொன்னாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி ஊற்றினாளாம்.

பிறகு கூடுதல் நேரம். யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை. டேரில் அதே வலையில், என் முன்னால். நம் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் அந்த உயரமான பையனுக்கு மறுபடி வட்டு கிடைத்துவிட்டது. இந்தத் தடவை ஊதல் இல்லை, பச்சை இல்லை, சந்தேகம் இல்லை. வட்டு கோட்டைத் தாண்டியது. நான் அழுத்தினேன்.

எரிந்தது, ஒரெஸ்ட். எவ்வளவு அழகாக எரிந்தது! நடுங்காமல், மினுக்காமல் எரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் டேரில் பனியில் மல்லாந்து கிடந்தான். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஊர் தோற்றதற்கா, விளக்கு எரிந்ததற்கா என்று எனக்கே தெரியவில்லை. விரலை எடுத்தேன். சட்டென்று அணைந்தது.

நெஸ்டர் என்னிடம் வந்து, “அது இவ்வளவு நல்லா எரியணுமா?” என்று கேட்டார். அவர் குரலில் சண்டை இல்லை, அழுகைதான் இருந்தது. ஐரீன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “பேசாம வாய்யா. அவ இல்லாட்டி அரை மணி முன்னாடியே தோத்திருப்போம்” என்றாள். இருக்கையை எடுத்துக்கொள்கிறாயா என்று விக்டரிடம் கேட்டார்களாம். “மச்சான் கண்ணு முன்னாடி அந்தப் பொத்தானை நான் அழுத்துறதா? ஆளை விடுங்க” என்று ஓடிவிட்டான். ஆகவே இருக்கை உன்னுடையதுதான்.

கூட்டுறவு ஆட்களும் ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். பச்சையையும் சிவப்பையும் மாற்றி மாற்றிப் போட்டதைப் பார்த்தவர்களில் ஒருவர் வெளியே என்னிடம் வந்து, “இதை ஒயர் பண்ணினது உங்க வீட்டுக்காரரா? புதுக் கிடங்குக்கு ஆள் தேடறோம். எப்ப வர்றார்?” என்று கேட்டார். “தெரியல” என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. கட்டின புருஷன் எப்போது வருவான் என்று ஒருத்திக்குத் தெரியாதா? வண்டியில் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் சூடாகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன வாரம் எழுதிய கடிதத்தில், முகாமிலும் ஒரு பனித்தளம் போட்டிருக்கிறார்கள், கோல் விளக்கு இல்லை, யாரோ கையைத் தூக்குகிறார்கள், அவ்வளவு நன்றாக இல்லை என்று எழுதியிருந்தாய். காலுறை குதிகாலில் இறுக்குகிறது என்றும் எழுதியிருந்தாய். ஐரீனிடம் காட்டினேன். “இதுல என்ன இருக்கு?” என்றாள். எனக்கு எல்லாம் இருந்தது. நீ என்னிடம் உன்னைப் பற்றி இவ்வளவு சொன்னதே இல்லை. கடைசியில் மட்டும் மறுபடி அதே வரி. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், உன் விருப்பம் எப்படியோ அப்படி.

அந்த வரியைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனாக வரட்டும், நான் ஏன் கூப்பிட வேண்டும் என்று ஜனவரியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் வற்புறுத்தி நீ வந்து, பிறகு இங்கே வேலையில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு என்றும் நினைத்தேன். குழாய் உறையவில்லை, நாய் நலம், நெஸ்டர் இப்படி, எல்மர் அப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. வெற்றிடம் விடுகிறாய் என்று உன்னைக் கேலி செய்தேன். நான் விட்ட வெற்றிடம் அதைவிடப் பெரியது.

எத்தனை நல்ல ஒயரிங்காக இருந்தாலும் பொத்தானை யாராவது அழுத்தினால்தானே விளக்கு எரியும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏன் இன்னும் எரியவில்லை என்று உன்மேல் கோபித்துக்கொண்டிருந்தேன். நீயும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருக்கிறாய் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேரும் முட்டாள்கள்.

சரி, நான் அழுத்துகிறேன். வீட்டுக்கு வந்துவிடு, ஒரெஸ்ட். எனக்கு அணைக்கட்டு வீடு வேண்டாம். இந்த வீடு போதும், ஆனால் நீ இல்லாமல் இது பிடிக்கவில்லை. காலையில் இரண்டு கோப்பை காபி போட்டுவிட்டு ஒன்றைக் கொட்டுகிறேன். வாசல் விளக்கின் ஸ்விட்ச் தட்டினால் சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. அதைச் சரிசெய்ய எனக்கு இப்போது தெரியும். செய்யாமல் உனக்காக வைத்திருக்கிறேன்.

விரலை எடுக்கப் போவதில்லை. கடவுள் உன்னைச் சறுக்காத சாலையில் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. பஸ் வந்ததும் படியில் நிற்காமல் சட்டென்று ஏறு.

உன்
வெர்னா